மூன்று இரவு வில்லா, முப்பது ஆண்டு குத்தகை: பாலித் தேனிலவின் மறுபக்கம்

முன்பெல்லாம் தோட்டத்தில் கல்யாணம் முடிந்த புதுமணத் தம்பதி பத்துமலைக்குப் போய்வருவார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் கேமரன் மலை அல்லது பினாங்கு. அந்தப் படங்கள் ஆல்பத்தில் ஒட்டப்பட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீரோடு காட்டப்படும்.

இன்றைய படங்கள் வேறு. நீச்சல் குளத்தில் மிதக்கும் தட்டில் காலைப் பசியாறல், பின்னால் பச்சை வயல், தென்னை மரம், இரண்டாகப் பிளந்து நிற்கும் கல் கோபுர வாசல். பார்த்த உடனே இடம் தெரிந்துவிடுகிறது. அது இந்தோனேசியாவின் பாலித் தீவு.

கிள்ளான், சுங்கைப்பட்டாணி, ஈப்போ, ஜொகூர் பாரு என்று எந்த ஊரிலும் பாலிக்குப் போய்வந்த இளம் தம்பதிகளைக் காணலாம். தேனிலவுக்கும் திருமண நாளுக்கும் அது வழக்கமான இடமாகிவிட்டது. அதில் தவறு எதுவும் இல்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் நான்கு நாள் நிம்மதியாக இருப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் படத்தில் பின்னணியாக நிற்கும் பச்சை வயல்தான் பாலியில் இப்போது பெரிய சர்ச்சை. அது மலேசியத் தமிழர்களுக்குப் புதிய கதையும் அல்ல.

ஏன் பாலி?

எடுத்துக்காட்டாக, காப்பாரில் வசிக்கும் ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். கணவர் தொழிற்சாலை மேற்பார்வையாளர், மனைவி கிளினிக்கில் தாதி. கையில் ஐந்து நாள் விடுமுறையும் அளவான பணமும் இருக்கின்றன.

கோலாலம்பூரிலிருந்து பாலிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேர விமானப் பயணம். மலேசியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். மலாய் தெரிந்தவருக்கு இந்தோனேசிய மொழி பெரிய சிரமம் இல்லை. டாக்சி ஓட்டுநரிடமும் கடைக்காரரிடமும் பேசிச் சமாளித்துவிடலாம். தீவு மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் இந்துக்கள் என்பதும் நம்மவருக்குத் தனி ஈர்ப்பு. காலையில் வாசற்படியில் தென்னை ஓலைத் தொன்னையில் பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடும் பெண்ணைப் பார்த்தால், மொழி வேறானாலும் மனம் ஒட்டிக்கொள்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம் விலை. உபுட் வட்டாரத்தில் ஓர் இரவுக்கு 300 ரிங்கிட்டுக்குள்ளேயே தனி நீச்சல் குளத்தோடு வில்லா கிடைக்கும். அந்த விலையில் உள்நாட்டில் பெரும்பாலும் சாதாரண ஹோட்டல் அறைதான் அமையும். காப்பார் தம்பதி பாலியைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை.

அந்த வில்லா எப்படி அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வயல் இருந்த இடம்

பாலி பெரிய தீவு அல்ல. நெகிரி செம்பிலான் மாநிலத்தை விடவும் பரப்பில் சற்றுச் சிறியது. ஆனால் அங்கே 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2024இல் மட்டும் 60 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். இந்தோனேசியாவின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இவ்வளவு பேரும் தங்க இடம் வேண்டும். தெற்கே சங்கு வட்டாரம் ஒரு காலத்தில் நெல் வயலும் மீனவர் கரையுமாக இருந்தது. இன்று அங்கே வில்லாக்களும் காப்பிக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. வயலுக்குப் போன ஒற்றைத் தடத்தில் இப்போது வாகன நெரிசல்.

இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் முழு உரிமையோடு நிலம் வாங்க முடியாது. அதனால் முதலீட்டாளர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். 25 ஆண்டு, 30 ஆண்டு என்பது வழக்கமான காலம். விவசாயிக்கு மொத்தத் தொகை கையில் கிடைக்கிறது. நெல்லில் பல ஆண்டு பாடுபட்டாலும் சேராத பணம் அது. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கூரை, குடும்பச் சடங்கு என்று செலவுகள் காத்திருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

பக்கத்து வயலில் வில்லா எழுந்தால் சுற்றியுள்ள நிலத்தின் மதிப்பு உயர்கிறது. வரியும் சேர்ந்து ஏறக்கூடும். விட்டுக்கொடுக்காமல் நெல் நடுகிறவரின் வருமானம் மட்டும் பழைய நிலையிலேயே நிற்கிறது. இப்படித்தான் ஒரு வயலுக்குப் பின் இன்னொரு வயல் போகிறது.

காப்பார் தம்பதி தங்குவது மூன்று இரவு. அந்த நிலம் கைமாறியதோ ஒரு தலைமுறைக்கு. குத்தகை முடியும்போது அங்கே மீண்டும் நெல் விளையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சிமெண்டு போட்ட மண் வயலாகத் திரும்புவது அரிது.

தண்ணீர் யாருக்கு?

பாலியின் நெல் வயல்கள் தனித்தனி நிலங்கள் அல்ல. அவற்றை இணைப்பது 'சுபாக்' என்ற பழமையான பாசன முறை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் ஒரு சங்கமாக இயங்குகிறார்கள். யார் எப்போது நாற்று நடுவது, யாருக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். இதில் தண்ணீர்க் கோயில்களுக்கும் பங்கு உண்டு. நெல் அங்கே தேவி ஸ்ரீ என்ற தெய்வத்தின் கொடை.

இது வெறும் சடங்கு அல்ல என்பதற்குச் சான்று உண்டு. 1970களில் அதிக விளைச்சலுக்காக, கோயில் முறையைப் பின்பற்றாமல் இடைவிடாது நெல் நடும்படி விவசாயிகள் ஊக்குவிக்கப்பட்டனர். பூச்சித் தொல்லை பெருகியது. தண்ணீர்ப் பங்கீடு குழம்பியது. ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் வயலைக் காயவிடும் பழைய ஒழுங்குதான் பூச்சியைக் கட்டுப்படுத்தி வந்தது என்பதை ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளரின் ஆய்வு பின்னர் விளக்கியது. 2012இல் யுனெஸ்கோ இந்த சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்த முறையின் பலமே அதன் பலவீனமும் ஆகும். மேலே ஒரு வயல் வில்லாவாக மாறி வாய்க்கால் அடைபட்டால், கீழே உள்ள வயல்கள் வாடும். நீச்சல் குளம், குளியல் தொட்டி, தோட்டப் புல் என்று வில்லாவுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் தேவை. அதில் பெரும்பகுதி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உறிஞ்சப்படுகிறது. தெற்குக் கரையோரத்தில் நிலத்தடி நீர் இறங்குவதும், கடல் நீர் உள்ளே புகுவதும் பல ஆண்டுகளாகப் பேசப்படும் கவலை.

2025 செப்டம்பரில் அந்தக் கவலை வேறு உருவில் வந்தது. இரண்டு நாள் கனமழையில் டென்பசார் உள்ளிட்ட பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை கடுமையாக இருந்தது உண்மை. ஆனால் மழை நீரைத் தாங்கி நிறுத்தும் வயல்கள் குறைந்து, ஆற்றோரங்களில் கட்டடங்கள் நெருங்கியதையும் பலர் சுட்டிக் காட்டினர். அதையடுத்து, விளைநிலங்களில் புதிய ஹோட்டல், உணவகங்களுக்கு அனுமதி தரப்போவதில்லை என்று பாலி ஆளுநர் வாயான் கோஸ்தர் அறிவித்தார்.

தகரம் நட்ட விவசாயிகள்

அதற்கு முன்பே, 2025 ஜூலையில், உலுவாத்துப் பகுதியின் பிங்கின் கடற்கரையில் அரசு நிலத்தில் அனுமதியின்றி எழுப்பப்பட்ட 48 கட்டடங்களை இடிக்கும் பணி தொடங்கியது. சுற்றுப்பயணிகள் ஆண்டுக்கணக்கில் தங்கி வந்த இடங்கள் அவை. அங்கே வேலை செய்த உள்ளூர்க் குடும்பங்கள் கண்ணீர் விட்டன.

ஆண்டு இறுதியில் இன்னும் சிக்கலான ஒரு காட்சி அரங்கேறியது. படிக்கட்டு வயலுக்குப் பெயர்பெற்ற ஜாத்திலுவே கிராமம் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பகுதி. வயலைப் பார்த்தபடி உணவருந்தப் பயணிகள் அங்கே கூட்டமாகப் போவார்கள். விதியை மீறிக் கட்டப்பட்டதாகச் சொல்லி, உணவகங்கள் உள்ளிட்ட பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை அதிகாரிகள் டிசம்பர் தொடக்கத்தில் மூடி முத்திரையிட்டனர். அதை எதிர்த்து விவசாயிகள் சிலர் தங்கள் வயல்களில் தகரங்களை நட்டு வைத்தனர். படம் எடுக்க வந்தவர்களின் கண்ணில் பச்சைக்கு நடுவே தகரம் பளபளத்தது.

அந்தத் தகரம் சொன்ன செய்தி எளிது. பார்க்க வருவது எங்கள் வயலை. அந்த வயலைப் பாதுகாக்கும் கடமையும் எங்களுக்கு. வருமானம் மட்டும் எங்களுக்கு இல்லை என்றால் எப்படி?

இதனால்தான் 'வில்லாக்காரர் கெட்டவர், விவசாயி நல்லவர்' என்று இந்த விவகாரத்தை எளிதாகப் பிரித்துவிட முடியாது. வயலை விற்கிறவரும் விவசாயிதான். வயலோரம் கடை போட விரும்புகிறவரும் அவர்தான். நெல்லை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத நிலைதான் அவரை அங்கே தள்ளுகிறது. கட்டடத்துக்குத் தடை போடும் அரசு, விளைச்சலுக்கு நியாயமான வருமானத்தையும் உறுதி செய்யாவிட்டால் தடை நிலைக்காது.

தோட்டத்து மக்களுக்குத் தெரிந்த கதை

காப்பார் தம்பதி விமானம் ஏறும் கேஎல்ஐஏ நிலையமே செம்பனைத் தோட்டங்கள் இருந்த சிப்பாங் மண்ணில் எழுந்தது. அங்கே போகும் வழியில் இருக்கும் புத்ராஜெயா, பிராங் புசார் தோட்டம் இருந்த இடம். நிர்வாகத் தலைநகருக்காகத் தோட்டம் போனபோது அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் பகுதி அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. சொந்தத் தரைவீடு கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

தோட்டம் துண்டாடப்பட்டதும், லயத்து வீடுகள் இடிக்கப்பட்டதும், கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் இடம் மாற்ற அலைந்ததும் பல குடும்பங்களில் தாத்தா பாட்டி வாயால் கேட்ட கதைகள். நிலத்தின் விலை ஏறியது. அந்த நிலத்தில் உழைத்தவருக்கு அந்த ஏற்றத்தில் பங்கு கிடைக்கவில்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு நிலம் சொந்தமாக இல்லை, கேட்காமலே வெளியேற்றப்பட்டார். பாலி விவசாயிக்குப் பெரும்பாலும் நிலம் சொந்தம், கையெழுத்து அவருடையது. ஆனால் அடுத்த தலைமுறையின் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. தாத்தா நெல் நட்ட இடத்தில் பேரன் வில்லாவின் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிறான். தாத்தா பால் மரம் வெட்டிய இடத்தில் எழுந்த குடியிருப்புக்குப் பேரன் பாதுகாவலராகப் போகிறான்.

இதை அறிந்தவர்களுக்கு அந்தப் பச்சைப் பின்னணி வெறும் படமாகத் தெரியாது.

ரிங்கிட் யார் கையில் சேர்கிறது?

பாலி மக்கள் பயணிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லவும் முடியாது. கோவிட் காலத்தில், 2021 முழுவதும் தீவுக்கு வந்ததாகப் பதிவான வெளிநாட்டுப் பயணிகள் நூறு பேர்கூட இல்லை. ஹோட்டல் வேலையை இழந்தவர்கள் மீண்டும் வயலுக்கும் கடற்பாசி வளர்ப்புக்கும் திரும்பினார்கள். பயணிகள் வருவது அந்தத் தீவுக்குச் சோறு. வருகிறவர்களின் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விமானச் சீட்டுப் பணம் விமான நிறுவனத்துக்குப் போகிறது. வில்லாப் பணத்தில் ஒரு பகுதி முன்பதிவு இணையத்தளத்துக்கு, மீதி உரிமையாளருக்கு. உரிமம் பெற்ற இடமாக இருந்தால் அதிலிருந்து வட்டார அரசுக்கு வரி சேரும். உரிமம் இல்லாத வில்லாவிலிருந்து அதுவும் சேராது. விலை மிகவும் மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாப்பாட்டிலும் சாமான் வாங்குவதிலும் முடிவு முழுக்கப் பயணியின் கையில். ஜிம்பாரான் கடற்கரையில் மாலை வெயிலில் சுட்ட மீன் சாப்பிடுவது பலரின் ஆசை. அங்கே மீனை எடை போட்டு விலை சொல்வார்கள். முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து 15 முதல் 21 விழுக்காடு வரை ஏறும். தெருவோர 'வாருங்' கடைகள் நம் ஊர் ஒட்டுக்கடை மாதிரி. ஒரு தட்டு நாசி சம்புர் அங்கே மலிவு. பணமும் நேரே அந்தக் குடும்பத்துக்குப் போகும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு டெம்பே, தௌஃபு, காடோ காடோ தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சம்பலில் பெரும்பாலும் இறால் பேஸ்ட் கலந்திருக்கும். அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாலி இந்துக்களின் விருந்துச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி முக்கிய இடம் பெறுவதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதிலும் அப்படித்தான். நினைவுப் பொருள் கடைகளில் விற்கும் எல்லாமே பாலியில் செய்தவை அல்ல. வெள்ளி நகைக்குச் செலுக், மரச் சிற்பத்துக்கு மாஸ், கல் சிற்பத்துக்கு பாத்துபூலான், இரட்டை இக்காட் துணிக்கு தெங்கானான் என்று தொழிலுக்குப் பேர்போன கிராமங்கள் இருக்கின்றன. சுக்காவாத்தி சந்தையில் பேரம் பேசலாம். கிராமத்துப் பட்டறையில் நேரடியாக வாங்கினால் செய்தவர் கைக்கே கூலி போய்ச் சேரும். ஓட்டுநர் கூட்டிப் போகும் கடைகளில் அவருக்கும் தரகு இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மலேசிய வங்கிச் செயலிகள் பலவற்றிலிருந்து இந்தோனேசியாவின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் வசதி 2023 மே மாதம் முதல் முழுமையாகச் செயல்பட்டு வருகிறது. சிறிய கடைகளிலும் இந்தக் குறியீட்டைப் பார்க்கலாம். நாணய மாற்றுக் கடையில் ஏமாறும் வாய்ப்பு இதனால் குறைகிறது.

புறப்படும் முன்

காப்பார் தம்பதி கவனிக்க வேண்டியவை அதிகமில்லை.

முதலாவது, வில்லாவின் உரிமம். 2025 மார்ச்சில் பாலி அரசு வெளியிட்ட சுற்றறிக்கை, வெளிநாட்டுப் பயணிகள் உரிமம் பெற்ற இடங்களில்தான் தங்க வேண்டும் என்கிறது. முன்பதிவுக்கு முன் உரிமையாளரிடம் கேட்டுவிடலாம். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பார்ப்பதே மேல். நடவடிக்கை வந்து கதவு மூடப்பட்டால் விடுமுறையும் போகும், பணமும் போகும்.

இரண்டாவது, பயணி வரி. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 150,000 ரூப்பியா செலுத்த வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 40 ரிங்கிட். பாலியின் பண்பாட்டையும் இயற்கையையும் பாதுகாக்கவே இந்த வரி என்பது அரசின் விளக்கம். 'லவ் பாலி' என்ற அதிகாரபூர்வத் தளத்தில்தான் செலுத்த வேண்டும்.

மூன்றாவது, மோட்டார் சைக்கிள். ஊரில் கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விபத்தில் சிக்கினால், பயணக் காப்புறுதி கை கொடுக்காமல் போகலாம். காப்புறுதி இருப்பது எப்படியும் அவசியம். புளோரஸ் தீவின் லெவோதோபி எரிமலை 2024, 2025 ஆண்டுகளில் பாலி விமானங்களைப் பலமுறை ரத்து செய்ய வைத்தது.

நான்காவது, காலம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் அங்கே மழைக்காலம் என்பதை அறிந்து போக வேண்டும். பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெப்பி எனும் மௌன நாளில் விமான நிலையமே ஒரு நாள் முழுக்க மூடப்படும். யாரும் வெளியே நடமாட முடியாது.

கோயிலுக்குள் போகும்போது இடுப்பில் சாரோங் கட்டுவதும், தீட்டுக் காலத்தில் உள்ளே போகாமல் இருப்பதும் அங்குள்ள விதி. இதை நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமி மேடை மேல் ஏறிப் படம் எடுத்து வெளியேற்றப்பட்ட பயணிகளின் பட்டியலில் நம் பெயர் வராமல் இருந்தால் போதும்.

காப்பார் தம்பதி போகட்டும், நன்றாக இருந்து வரட்டும். வயலைப் பார்த்தபடி காலைப் பசியாறும்போது, வில்லாவில் வேலை செய்யும் பையனிடம் மலாயில் ஒரு வார்த்தை கேட்கலாம்: இந்த இடம் முன்பு யாருடைய வயல்? பல வில்லாக்களில் அந்தப் பதில் வெகு தூரத்தில் இருக்காது. கேட்டவர் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால், தன் தாத்தா பால் மரம் வெட்டிய இடம் இப்போது என்னவாக இருக்கிறது என்று அவனுக்கும் சொல்லலாம்.